மாவு டப்பாவும் பெயரில்லாத கிரீமும்

2022 ஐப்பசியில் என் தங்கை செருப்பு வாங்கப் போனாள். வழக்கமாகப் போடும் அளவு காலில் ஏறவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினாள். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். ஒரு வாரத்தில், காலையில் எழும்போது கண்ணிமைகளும் வீங்கியிருந்தன. சிறுநீர் நுரைத்துப் போகிறது என்பதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள், அதுவும் போனில், குரலைத் தாழ்த்தி.

சோதனையில் சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போவது தெரிந்தது. சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் கேட்ட முதல் கேள்வி எங்களுக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டது.

"முகத்துக்கு என்ன கிரீம் போடுறீங்க?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு மாதமாக அவள் இரவில் ஒரு கிரீம் போட்டு வந்திருக்கிறாள். பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு அக்கா கொடுத்தது. வெள்ளை டப்பா. தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. அடியில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் இரண்டே வரி: இரவில் பூசவும், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும். என் தங்கை வேதியியல் பட்டதாரி. அந்த இரண்டாவது வரியை அவள் படித்திருக்கிறாள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டார் "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதையும் அவள் கேட்டிருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து பேருந்தில் வரும்போது அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, அப்பத்தா மாதிரி மாவே தேய்ச்சுக் குளிச்சிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று யார் சொன்னாலும் சான்று கேட்பது என் தொழில். ஆனால் அன்று ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

அப்பத்தாவின் உரல்

பெரியகுளம் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே குளியல் மாவு. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி. எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து வைப்பார். கல்யாண வீடுகளில் இதற்குப் பெயர் நலங்கு மாவு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், பிரசவம் என்றாலும் அப்பத்தாதான் இடித்துக் கொடுப்பார்.

மாவு மட்டுமல்ல. சவ்வரிசியை வாணலியில் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, பித்தளைத் தட்டில் படியும் கரியை வழித்தால் கண்மை. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியது, எப்போது செய்தது என்பதைச் செய்தவரும் பூசிக்கொண்டவரும் அறிந்திருந்தார்கள்.

இதுவரை சொன்னது இனிமையான பாதி. இன்னொரு பாதியும் உண்டு. அப்பத்தா 31 வயதில் கணவனை இழந்தவர். அதன்பின் மஞ்சள் பூசவில்லை, பொட்டு வைக்கவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் இடித்த கை முகத்துக்கு மஞ்சள் கொண்டுபோகக் கூடாது. இடித்து முடித்ததும் கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவுவார். நலங்கு வைக்கும்போது கல்யாணக் கூடத்துக்குள் வரமாட்டார். வீட்டு மரபு என்று நாம் இன்று ஏங்கும் அந்த டப்பாவுக்கு, யார் தொடலாம், யார் பூசலாம் என்ற கணக்கு இருந்தது.

நலங்கு மாவின் நோக்கத்திலும் கலப்பு இருந்தது. அழுக்கு போக்க, வியர்வை வாடை நீக்க, வேர்க்குரு தணிக்க என்பது ஒன்று. 'கல்யாணத்துக்குள்ள பொண்ணு நிறம் வரணும்' என்பது மற்றொன்று. வெயிலில் நின்று களை எடுக்கத் தேவையில்லாத வீட்டுப் பெண் என்பதற்கு வெளுத்த தோல் ஒரு சான்றாக இருந்தது. அதில் வர்க்கமும் இருந்தது, சாதியும் இருந்தது. தோலைப் பேணும் ஆசையும் தோலை மாற்றும் ஆசையும் ஒரே டப்பாவில்தான் கிடந்தன.

அப்பத்தா சொன்ன ஓர் எச்சரிக்கையைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். கார்போகரிசி சேர்த்த மாவைத் தேய்த்த நாளில் எங்களைக் களத்துக்கு விடமாட்டார். "அதத் தேச்சுட்டு வெயில்ல திரியாத ஆத்தா, தோலு பொசுங்கிப் போயிரும்." கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். வெண்புள்ளிச் சிகிச்சையில் மருத்துவர்கள் சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து அளவோடு பயன்படுத்துவதும் இதனால்தான். இன்று நலங்கு மாவுக் குறிப்புகள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. கார்போகரிசி அவற்றில் இருக்கிறது. அப்பத்தாவின் எச்சரிக்கைதான் இல்லை.

ஸ்நோ வந்த பிறகு

அம்மா காலத்தில் உரல் கொல்லைக்குப் போய்விட்டது. அம்மாவின் அலமாரியில் ஸ்நோ இருந்தது, பவுடர் டப்பா இருந்தது. அதை அம்மாவின் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடிய ஒரு பெண்ணுக்கு ஒரு சோப்புக் கட்டியும் ஒரு பவுடர் டப்பாவும் கொடுத்த விடுதலையைக் குறைத்துப் பேசக்கூடாது.

பூசிய சற்று நேரத்தில் தோலில் மறைந்துவிடும் 'வானிஷிங்' கிரீம்களை இந்தியாவில் மக்கள் ஸ்நோ என்றே அழைத்தார்கள். ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதியைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கி, தண்ணீரோடு கலந்து செய்வது அது. 1919இல் பம்பாயில் இ.எஸ். பாட்டன்வாலா தொடங்கிய ஆப்கான் ஸ்நோ, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கிரீம்களில் ஒன்று. 1952இல் டாட்டா குழுமம் லாக்மேவைத் தொடங்கியது. 1975இல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நியாசினமைடு என்ற பி3 வைட்டமின்தான் அதன் முக்கியப் பொருள். அதில் பாதரசம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் கிரீம் விற்றதெல்லாம் தோலின் நிறத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான ஒரு கணக்கு. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. நிறம் ஏறினால் இரண்டும் கிடைக்கும். தொலைக்காட்சி வந்தபின் முப்பது நொடியில் இந்தக் கதை வீட்டுக்குள் வந்தது. நலங்கு மாவில் ஒளிந்திருந்த ஆசையைக் கம்பெனிகள் உருவாக்கவில்லை. அதை எடுத்து, துலக்கி, மாதாமாதம் விலைகொடுத்து வாங்கும் பொருளாக்கினார்கள்.

இதற்கு எதிர்க்குரல் சென்னையிலிருந்தும் எழுந்தது. கவிதா இம்மானுவேல் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தார். கறுத்த தோல் உடையவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ துயரப்படுபவர்களாகவோ காட்டக் கூடாது என்று 2014இல் விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்தது. 2020இல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகெங்கும் எதிரொலித்தபோது, அந்தக் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீக்கப்பட்டு 'குளோ' வந்தது. பெயர் மாறியது. தரகரின் வாய் மாறவில்லை.

பெரிய கம்பெனியின் கிரீம் அவ்வளவாக வெளுக்காது என்பது பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'ஒரே வாரத்தில் வெளுக்கும்' டப்பாவுக்கு வழி திறந்தது அந்த ஏமாற்றம்தான்.

ஏன் வெளுக்கிறது?

பாதரசம் தோலை வெளுப்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும். பாதரசம் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, பூசாத குழந்தைகளின் உடலுக்குள்ளும் போகிறது.

டப்பாவின் அடியில் இருந்த அந்த இரண்டாவது வரியின் பொருள் இதுதான். பாதரசம் வெள்ளி, தங்கம், அலுமினியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து அவற்றைக் கெடுக்கும். நகையில் படக்கூடாது என்று எழுதிய கிரீமில் பாதரசம் இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. நகைக்கு ஆகாததை முகத்தில் பூசச் சொன்னார்கள்.

எங்கள் மருத்துவரின் கேள்விக்கும் பின்னணி உண்டு. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு, சிறுநீரகச் சவ்வு பாதிக்கப்பட்ட 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய, அரிதான வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். இதை மருத்துவர்கள் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

பாதரசம் மட்டும்தான் என்றில்லை. பார்லர்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் வேறு சில வெளுப்புக் கிரீம்களில் ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் இருக்கும். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, மீசை தாடி இடங்களில் முடி வளர்ந்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூச வைக்கும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்ததற்குத் தோல் மருத்துவர்களின் நீண்ட போராட்டம் காரணம்.

சட்டம் யாருடைய உடலில் எழுதப்பட்டது?

ஒப்பனைப் பொருளைச் சட்டத்துக்குள் கொண்டுவர உலகம் வெகுகாலம் தயங்கியது. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே தொட்டது. அழகு சாதனம் பெண்கள் விவகாரம், வீண் செலவு என்ற எண்ணம். 1933இல் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் அங்குள்ள பார்லர்களில் பூசப்பட்டது. அதில் இருந்தது பாரா-ஃபினைலின்டைஅமின். ஒரு பெண்ணுக்கு இரு கண்களிலும் பார்வை போனது. அந்தச் சாயத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1938இல்தான் சட்டம் மாறியது. அதற்கு ஐந்தாண்டு தேவைப்பட்டது.

இந்தியாவிலும் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் ஒப்பனைப் பொருள் இல்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைச் சேர்த்தது. 1964இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் இருக்கின்றன. கண் ஒப்பனை தவிர்த்த பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் இந்தியா ஏற்றது. பாதரசம் சேர்த்த எல்லா ஒப்பனைப் பொருள்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025க்குள் நிறுத்துவது என்று 2023இல் ஜெனீவாவில் அந்த நாடுகள் முடிவு செய்தன.

விதி இருக்கிறது. பெயரில்லாத டப்பா கூரியரில் வருகிறது. அந்தப் பார்லர் அக்காவைத் தேடி நான் கோபமாகத்தான் போனேன். அவர் தன் கன்னத்தைக் காட்டினார். அதே கிரீமைத்தான் அவரும் பூசிக்கொண்டிருந்தார். கணவர் துணையின்றி இரண்டு பிள்ளைகளை அந்த ஒற்றை நாற்காலிப் பார்லரில் வளர்க்கிறார். யாரோ அனுப்புகிறார்கள், இவர் விற்கிறார். "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் பூசியிருப்பேனா மேடம்?" என்றார். அவரையும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.

மலைமேல் பாதரசம்

பாதரசத்தைப் பற்றிப் படிக்கப்போய் நான் வந்து நின்ற இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் மலை. 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை ஒன்று வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய ஆலை இங்கே பெயர்ந்தது. கொண்டுவந்தது செஸ்பரோ பாண்ட்ஸ், நம் வீடுகளில் கிரீமுக்கும் பவுடருக்கும் பெயர்போன அதே கம்பெனி. பிறகு அது இந்துஸ்தான் லீவரிடம் சேர்ந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்தாண்டு போராடியபின், 2016இல் 591 பேர் தொடர்பாகக் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கும் வாதமும் அதன்பின்னும் தொடர்ந்தன.

வெப்பமானி ஒப்பனைப் பொருள் இல்லைதான். ஆனால் என் தங்கையின் டப்பாவையும் அந்த ஆலையையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கையாளும் பொருளின் முழு ஆபத்தைத் தங்களிடம் சொல்லவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. பூசும் பொருள் என்னவென்று என் தங்கையிடமும் சொல்லவில்லை. விற்கிறவருக்குத் தெரிந்த ஒன்று, தொடுகிறவருக்குத் தெரியாமல் இருக்கிறது.

இயற்கை என்ற சொல்

அப்படியானால் இயற்கைக்குத் திரும்பிவிடலாமா? இங்கேதான் தங்கையின் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல என் நா எழவில்லை.

கலோமெல் என்ற பாதரச உப்பை வெளுப்புக் கிரீம்களில் சேர்க்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அதற்குப் பூரம் என்று பெயர். ரசம், லிங்கம், வீரம், பூரம் எல்லாமே பாதரசத்தின் வடிவங்கள்தாம். 2022இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மலப்புறத்தில் கண்ட அதே வகைச் சிறுநீரக நோய் நாட்டு மருந்து உண்டவர்களிடமும் வந்ததை எழுதினார்கள். மரபு என்ற பெயர் பாதரசத்தின் குணத்தை மாற்றிவிடாது.

மஞ்சளையும் எடுத்துக்கொள்வோம். பளிச்சென்று தெரிவதற்காக விரலி மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் என்ற சாயம் ஏற்றுவதை 2019இல் வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் சிவக்கும். வீட்டுக் குங்குமம் அப்படிப் பிறந்தது. கடைச் சிந்தூரத்தை 2017இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சோதித்தபோது, இந்தியாவில் வாங்கிய மாதிரிகளிலும் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்த பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணம் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருள். அரைத்து வைத்த மருதாணி சிவக்கும், ஒருபோதும் கறுக்காது. ஒரு மணி நேரத்தில் கறுக்கும் கூம்பில் அநேகமாக லாஷ் லூரில் இருந்த அதே பாரா-ஃபினைலின்டைஅமின் இருக்கிறது.

மஞ்சளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1995இல் காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடி 1997இல் அதை நீக்கவைத்தது. வெற்றிக்கு உதவியவை பழைய நூல்களும், 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும். நாடெங்கும் பாட்டிகள் வெட்டுக்காயத்தில் மஞ்சளை அப்பியது அச்சில் ஏறியிருந்தால்தான் சான்று. நம் பெண்கள் அறிந்தது ஏட்டில் ஏறவில்லை. ஏறியபோது அவர்கள் பெயர் இல்லை. கார்போகரிசி எச்சரிக்கை தொலைந்ததும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் இப்போது

தங்கை சிகிச்சையில் இருந்தபோதே நாங்கள் மறுபடி மாவு செய்யத் தொடங்கினோம். அப்பத்தாவின் பட்டியலை அப்படியே எடுக்கவில்லை. அரைக் கிலோ பாசிப்பயறு. ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், பூலாங்கிழங்கு ஒவ்வொன்றும் 50 கிராம். கோரைக்கிழங்கு 25 கிராம். கார்போகரிசி கிடையாது. மஞ்சள் வேண்டுமானால், மெருகேற்றாத மங்கலான கிழங்காகப் பார்த்து வாங்கி, தனியாக அரைத்துக்கொள்கிறோம். எல்லாம் நிழலில் நொறுங்கக் காய்ந்தபின் மாவு மில்லில் அரைக்கிறோம். மில்லில் முன்னால் மிளகாய் அரைத்திருந்தால், ஒரு கை அரிசி போட்டு ஓட்டச் சொல்ல வேண்டும். மறந்தால் முகம் சொல்லும்.

உலர்ந்த மாவு மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் பட்டால் ஒரு நாள் கணக்கு. கடைக் கிரீமில் பாரபென் போன்ற பதப்படுத்திகளைச் சேர்ப்பது பூஞ்சையும் கிருமியும் வளராமலிருக்கத்தான். வீட்டில் அது இல்லை என்றால், அன்றன்று குழைத்து அன்றன்று முடிக்க வேண்டும். கற்றாழை என்றால் வெட்டி, மஞ்சளாக வடியும் பாலை வழியவிட்டுக் கழுவி, உள்ளே உள்ள சோற்றை அன்றே பூச வேண்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போனால் கார்போகரிசி போலவே சுட்டுவிடும், அது வேண்டாம். எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது பூசி இரண்டு நாள் பார்க்க வேண்டும். கடையில் வாங்குவதென்றால் தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் வேண்டும். கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ், அமோனியேட்டட் மெர்குரி, சின்னபாரிஸ் என்று எது இருந்தாலும் பாதரசம். பட்டியலே இல்லையென்றால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

இந்த மாவு நிறம் தராது. அதை வாங்க வரும் உறவுக்காரப் பெண்களிடம் தங்கையே சொல்லிவிடுகிறாள்.

ஒன்றைப் பற்றி மட்டும் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. வீட்டிலேயே செய்வோம் என்று சொல்லும்போது, வாங்கி, பொறுக்கி, உலர்த்தி, அரைத்து, சலிக்கும் வேலை யார் தலையில் விழும்? சந்தை விற்ற நஞ்சுக்கு மாற்றாகப் பெண்களின் இன்னொரு மணிநேரம் போகக் கூடாது. எல்லோராலும் செய்யவும் முடியாது. சோப்பும் பவுடரும் வாங்குகிறவள் குற்றவாளியும் இல்லை. அவள் வாங்கும் டப்பா சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பதுதான் இடிப்பதைவிட முக்கியமான வேலை. மிச்சமிருந்த கிரீமை டப்பாவோடு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்து எழுத்தில் புகார் கொடுத்தோம். அதற்கு ஒரு முழுநாள் போனது.

கிரீமை நிறுத்தி, மருந்து சாப்பிட்டு, பதினான்கு மாதங்களில் தங்கையின் சிறுநீரில் புரதம் இயல்புக்கு வந்தது. முகம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. கண்ணாடி முன் நின்று, "வந்துட்டேன்க்கா" என்றாள்.

பேருந்தில் அவள் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அப்பத்தாவின் டப்பாவில் இருந்தது என்னவென்று அப்பத்தாவுக்குத் தெரியும். அதில் ஆபத்தும் இருந்தது. அதைத் தெரிந்து சொல்ல ஆளும் இருந்தார். உன் டப்பாவில் அந்த ஆள் இல்லை.

போன மாசியில் மாவு தீர்ந்தது. இந்த முறை மில்லுக்குத் தம்பி போனான். மிளகாய்க்குப் பிறகு அரிசி போட்டு ஓட்டச் சொல்ல மறந்துவிட்டான். வீடே ஒரு வாரம் தும்மியது. அடுத்த முறை மறக்க மாட்டான். தங்கை அதைப் பட்டியலின் அடியில் எழுதிவைத்திருக்கிறாள், கார்போகரிசி எச்சரிக்கைக்குக் கீழே. அதன் பக்கத்தில் அப்பத்தாவின் பெயர் இருக்கிறது.